இரண்டாவது தடவையும் கேளுங்கள்: பேறுகாலத்தில் மனம் சரியில்லாத பெண்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் புது மருத்துவச்சிகளுக்கு

பிபி பார்க்கத் தெரியும், வயிற்றைத் தொட்டே குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியும், ரத்தப்போக்கு கொஞ்சம் கூடினால் கை தானாக வேலையை ஆரம்பித்துவிடும். இதெல்லாம் படிப்பிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பிரசவமாகி நாலாம் நாள், பக்கத்தில் குழந்தை அழுதுகொண்டிருக்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் என்ன பேசுவது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியவில்லை. போர்வையைச் சரிசெய்தேன், "பால் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன், அவர் தலையை ஆட்டினார், நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அப்படி எத்தனை பேரைக் கடந்து போயிருப்பேன் என்று இப்போது யோசித்தால் சங்கடமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், அண்மையில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது, அதில் பெரும்பங்கு மனச்சோர்வு. வளரும் நாடுகளில் இந்த எண்கள் 15.6, 19.8 என்று ஏறிவிடுகின்றன. அதாவது பிபி கூடிய கர்ப்பிணிகள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்களோ அதற்குக் குறையாமல் இவர்களையும் தினமும் பார்க்கிறீர்கள். பிபியைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும், இதற்கு அப்படி ஒரு கருவி கிடையாது, கேட்டால்தான் தெரியும்.

இன்ன நோய் என்று முடிவு சொல்வது டாக்டர் வேலை. நம் வேலை கேட்பது, கண்டுகொள்வது, சரியான ஆளிடம் கொண்டு சேர்ப்பது, அப்புறம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது. இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தான் கிராமங்களில் மனநலப் படிப்பே இல்லாத சமுதாய சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கர்ப்பக் கடைசியிலிருந்து வீடு வீடாகப் போய் முறையாகப் பேச வைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்தப் பேச்சு கிடைத்த தாய்மாரில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 சதவீதம், கிடைக்காதவர்களில் 53 சதவீதம். 2008இல் வெளியான ஆய்வு அது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே அந்த முறையைக் கையேடாக வெளியிட்டது.

முதல் படி: எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை காரணமே இல்லாமல் அழுகை, எரிச்சல், அடுத்த நிமிஷமே சிரிப்பு. இது பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருவது. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன, தூக்கம் கிடையாது, பால் கட்டுகிறது, தையல் வலிக்கிறது, அழுகை வராவிட்டால்தான் ஆச்சரியம். மருந்து தேவையில்லை, ஓய்வும் ஆள் துணையும் போதும், பத்து நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அதை "பிரசவ அழுகை" என்று சொல்லி ஆறுதல்படுத்துவதை நிறுத்திவிடுங்கள், அது வேறு விஷயம்.

மனச்சோர்வு கர்ப்ப காலத்திலேயே தொடங்கலாம், பிரசவத்துக்குப் பின் ஒரு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எல்லோரும் "பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு" என்றே சொல்லிப் பழகியதால் கர்ப்பிணியிடம் யாரும் தேடுவதில்லை. இன்னொன்று, மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலர் எரிந்து விழுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்வார்கள், குழந்தையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் துணி மாற்றித் தடுப்பூசி அட்டையோடு நேரத்துக்கு வந்து நிற்பார்கள், குழந்தையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் மட்டும் யார் வீட்டுப் பிள்ளையையோ பற்றிச் சொல்வது போலச் சொல்வார்கள். களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை இதெல்லாம் புதுத் தாய்மார் எல்லோருக்கும் இருப்பதால் அவற்றை வைத்து ஒன்றும் தெரியாது. குற்ற உணர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, "என்னால் முடியாது" என்ற பேச்சு, இவைதான் கவனிக்க வேண்டியவை. கூடவே ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள், பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு தடுமாறினால் ஆளைப் பார்க்க அப்படியே மனச்சோர்வு மாதிரிதான் இருக்கும்.

பதற்றமும் அதே அளவுக்கு இருக்கிறது, பேசப்படுவது மட்டும் குறைவு. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் விழித்து விரல் வைத்துப் பார்ப்பவர் "நல்ல அம்மா" என்று பெயர் வாங்கிவிடுவார், அவர் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் எல்லோரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வி இதுதான்: "குழந்தை தூங்கும்போது, வேற ஆள் பாத்துக்கிறப்ப, உங்களால தூங்க முடியுதா?" முடிகிறது என்றால் களைப்பு. வாய்ப்பு இருந்தும் முடியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பேசுங்கள்.

பிரசவமே அதிர்ச்சியாகிப் போனவர்களும் உண்டு. நம் பார்வையில் சாதாரணப் பிரசவமாக இருந்திருக்கும். அவருக்கோ, சத்தம் போட்டும் யாரும் திரும்பிப் பார்க்காத இரண்டு மணி நேரமாக இருந்திருக்கும். கனவில் திரும்பத் திரும்ப வரும், அந்த வார்டு வாசலைப் பார்த்தாலே கை நடுங்கும். நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள் என்று உட்கார வைத்து ஒரே மூச்சில் கிளறாதீர்கள், அதனால் பலன் இல்லை என்பதோடு சிலருக்குக் கேடும் செய்யும். அவராகக் கேட்டால், கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த நேரத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று விளக்குங்கள்.

கடைசியாக, பிரசவத்தை ஒட்டி வரும் தீவிர மனநோய், சைக்கோசிஸ். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. இது அவசர சிகிச்சை, அதிக ரத்தப்போக்குக்கு எப்படி ஓடுவீர்களோ அப்படி ஓட வேண்டியது. கீழே தனியாகச் சொல்கிறேன். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே 1858லேயே கர்ப்பிணிகள், பிரசவித்தவர்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரின் மனநோய் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இது இந்தக் காலத்துப் பெண்களுக்கு வந்த புது வியாதி என்று வார்டில் யாராவது சொன்னால் இந்த வருடத்தைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: முதல் வருகையிலேயே முன்கதையைக் கேட்டு வாங்குங்கள்

"மனநோய் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் உலகத்தில் யாரும் ஆமாம் என்று சொல்லப் போவதில்லை. சர்க்கரை, ஆஸ்துமா கேட்கும் அதே குரலில் கேளுங்கள். மனசுக்கோ தூக்கத்துக்கோ எப்போதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா, அதற்காக ஆஸ்பத்திரியில் இருந்ததுண்டா, முந்தைய பிரசவத்துக்குப் பிறகு எப்படி இருந்தீர்கள், உங்கள் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிள்ளை பெற்ற சமயத்தில் மனசு கலங்கியதுண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு கேள்வி என்றால், முன்பு ஒரு பிரசவத்தில் சைக்கோசிஸ் வந்த பெண்ணுக்கு அடுத்த பிரசவத்திலும் வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், மாத்திரையை விட்டு நாலு வருடம் ஆகிறது என்றாலும் இவர்களைக் கர்ப்பத்திலேயே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 32 வாரம் ஆவதற்குள் ஒரு திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும்: பிரசவத்தின்போது எந்த மருந்து, முதல் இரவு அவர் தூங்கக் குழந்தையை யார் பார்ப்பது, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பது, வீட்டில் யாரிடம் ஆரம்ப அறிகுறிகளைச் சொல்லி வைப்பது. அந்தத் தாள் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வலியோடு வரும்போது டியூட்டியில் இருப்பவர் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்க்க மாட்டார்.

ஒரு முறையாவது தனியாக வைத்துக் கேளுங்கள். கணவர், மாமியார், அம்மா யாராக இருந்தாலும் வெளியே இருக்கட்டும், சிறுநீர் மாதிரி எடுக்க, எடை பார்க்க என்று ஏதாவது சொல்லி உள்ளே கூட்டிப் போகலாம். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்பதையும் அந்தத் தனிமையில்தான் கேட்க முடியும். மொழி புரியாத பெண்ணாக இருந்தால் கூட வந்த சொந்தக்காரரையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

மூன்றாம் படி: கேட்கும் விதத்தை மாற்றுங்கள்

நான் அதிகம் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தமிழில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு, கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்பது. "ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" "நல்லாத்தானே தூங்குறீங்க?" "சந்தோஷமா இருக்கீங்கல்ல?" அந்த "இல்லையே", "தானே", "ல்ல" இருக்கிறதே, அவை ஒரு பெண்ணை "ஆமா சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதிலை நோக்கித் தள்ளிவிடுகின்றன. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர் உங்களை மறுத்துப் பேச வேண்டும், அதற்கு அவரிடம் தெம்பு கிடையாது. அந்த வால்களை வெட்டிவிடுங்கள். "தூக்கம் எப்படி?" "மனசு எப்படி இருக்கு?" "நேத்து ராத்திரி எப்படிப் போச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் பத்து நிமிஷம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

அப்போதும் முதல் பதில் "நல்லாருக்கேன்"தான். ஒரு பெண் அப்படிச் சொல்லிவிட்டுக் குழந்தையின் துணி ஒன்றை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் பிபி பட்டையைக் கையிலிருந்து கழற்றாமல், காற்றை மட்டும் இறக்கிவிட்டு, "சரி, நிஜமாவே எப்படி இருக்கீங்க?" என்றேன். துணி கையிலேயே நின்றது. அப்புறம் பேசினார். அந்தப் பட்டை கையில் இருந்ததுதான் உதவியது என்று நினைக்கிறேன். சிஸ்டர் ஏதோ வேலையாக இருக்கிறார், நான் சும்மா பேசிக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரு சாக்கு அவருக்குக் கிடைத்தது. கை வேலையாக இருக்கும்போது, முகத்தை நேருக்கு நேர் பார்க்காதபோது பேச்சு எளிதாக வருகிறது. தையல் பார்க்கும்போது மட்டும் கேட்காதீர்கள், அந்த நிலையில் யாருக்கும் மனசைத் திறக்கத் தோன்றாது.

நேரமே இல்லாத நாளுக்கு இரண்டு கேள்வி போதும், ஊலி கேள்விகள் என்று பெயர். போன ஒரு மாதத்தில் அடிக்கடி மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து, வருத்தமாக இருந்ததா? போன ஒரு மாதத்தில் எந்த வேலையிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேலே போக வேண்டும்.

மேலே போக ஒரு படிவம் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல். ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. 10 கேள்விகள், போன 7 நாளைப் பற்றி மட்டும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. தூக்கம், பசி, களைப்பு என்று புதுத் தாய்மார் எல்லோருக்கும் இருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு மனநிலையைக் கேட்பதுதான் அதன் சிறப்பு. 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம், சில இடங்களில் இன்னும் குறைந்த எண்ணையே எல்லையாக வைத்திருப்பார்கள், உங்கள் இடத்தில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு வந்தாலும் சரி, பத்தாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது அது. மொத்த மதிப்பெண் 5, பத்தாவதில் மட்டும் 1 என்றாலும் அந்தப் பெண்ணோடு அன்றைக்கே பேசியாக வேண்டும்.

படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து "இதுக்கு இல்லன்னு போடு" என்று சொல்லி நிரப்பிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாக் கட்டத்திலும் சுழி. படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் படித்துக் காட்டலாம், கேள்வியை உங்கள் சொந்த வார்த்தையில் மாற்ற வேண்டாம். எண் குறைவாக வந்து, ஆள் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் உங்களுக்குத் தோன்றியதையே நம்புங்கள்.

நான்காம் படி: சொன்ன பிறகு

ஒரு பெண் துணிந்து சொல்லிவிட்டார். இந்த இடத்தில் நம் வாய் சும்மா இருக்காது. "எல்லாருக்கும் வர்றதுதான்மா." "குழந்தை முகத்தைப் பாத்தா எல்லாம் சரியாயிடும்." குழந்தை முகத்தைப் பார்த்தும் ஒன்றுமே தோன்றவில்லை என்பதுதான் அவருடைய துயரமே, அதையே மருந்தாகச் சொன்னால் அவர் இனி வாய் திறக்க மாட்டார். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள். இது நோய், சிகிச்சை உண்டு, உங்கள் தப்பு எதுவும் இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்பார். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "உங்களுக்கோ குழந்தைக்கோ ஆபத்துன்னா டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன், மத்தபடி நமக்குள்ள இருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு, வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: "செத்துடலாம் போல இருக்கு" என்றால்

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று புதியவர்கள் எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" ஆமாம் என்றால், எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கு வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதுவரை அவரைத் தடுத்து நிறுத்தியது எது. யோசனையும் வழியும் சேர்ந்துவிட்டால் தனியாக விடாதீர்கள், கழிவறைக்குப் போனாலும் கூட ஒரு ஆள். மூத்தவரைக் கூப்பிடுங்கள், டாக்டரை அன்றைக்கே பார்க்க வையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது இது நடந்தால் அடுத்த ஆள் வரும்வரை கிளம்பக் கூடாது, அன்றைய மற்ற வீடுகள் காத்திருக்கட்டும்.

பிரிட்டனில் தாய்மார் இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள், கர்ப்பத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இறப்புகளில் தற்கொலைதான் முதலிடத்தில் நிற்கிறது. அந்த ஆய்வுகளிலிருந்து மூன்று அபாய அறிகுறிகளை எடுத்துச் சொல்கிறார்கள், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, மனநிலையில் அண்மையில் வந்த பெரிய மாற்றம் அல்லது புது அறிகுறி. இரண்டு, தன்னைக் கொடூரமாகத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ செயலோ புதிதாக வருவது. மூன்று, "நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்லை", "இது என் குழந்தை மாதிரியே இல்லை" என்பது போன்ற பேச்சு புதிதாகத் தொடங்கி விடாமல் நீடிப்பது. மூன்றாவதைத்தான் நாம் சலிப்புப் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம்.

ஆறாம் படி: பயங்கரமான எண்ணமா, சைக்கோசிஸா

ஒரு பெண் மாடிப்படியில் குழந்தையோடு இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்குவார். தையல் வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "கையை விட்டுடுவேனோ, நானே போட்டுடுவேனோன்னு படம் மாதிரி ஓடுது சிஸ்டர், நான் பேயா?" என்று ஒரு நாள் கேட்டார். இந்த மாதிரி வேண்டாத எண்ணங்கள் மின்னல் போல வந்து போவது புதுத் தாய்மாரில் நிறையப் பேருக்கு உண்டு. அதுவே விடாமல் துரத்தி, தவிர்ப்பதற்காக ஆயிரம் சடங்கு செய்ய வைத்தால் ஓசிடியாக, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோயாக இருக்கலாம். அடையாளம் என்னவென்றால், எண்ணம் அவரைத் திகிலடைய வைக்கிறது, அது தப்பு என்று அவருக்கே தெரிகிறது, நடந்துவிடாமல் இருக்க விழுந்து விழுந்து கவனமாக இருக்கிறார். இப்படிப்பட்டவர் அந்த எண்ணத்தின்படி நடக்கும் ஆபத்து மிகக் குறைவு. இது தெரியாமல் நீங்கள் முகம் வெளுத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவருக்கு அது ஆறாத காயம். சிகிச்சைக்கு அனுப்புங்கள், பதறாமல்.

சைக்கோசிஸ் வேறு மாதிரி. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், பலருக்கு முதல் சில நாட்களிலேயே, மளமளவென்று ஏறும். முதலில் தூக்கம் போகும், ஆனால் களைப்பே தெரியாது, இரவெல்லாம் பேச்சு, எழுத்து, துணி அடுக்கல். அப்புறம் சந்தேகம், குழப்பம், யாருக்கும் கேட்காத குரல், குழந்தையை மாற்றிவிட்டார்கள் அல்லது குழந்தைக்கு விசேஷ சக்தி இருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கை அவருக்குத் திகிலாக இருக்காது, உண்மையாக இருக்கும். மணிக்கு மணி மாறும் என்பதுதான் மோசம். காலையில் உளறியவர் டாக்டர் வரும்போது அழகாகப் பேசுவார், "சிஸ்டர்தான் பயந்துட்டாங்க" என்று சிரிப்பார். அதனால் நேரத்தோடு எழுதி வையுங்கள், இரவில் கூட இருந்தவரைப் பேச வையுங்கள், நீங்கள் பின்வாங்காதீர்கள். தாயையும் குழந்தையையும் சேர்ந்து தனியாக விடக் கூடாது, அதே நாளில் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். தாயையும் சேயையும் ஒன்றாக வைத்துக் கவனிக்கும் பிரிவு இருந்தால் அதைக் கேளுங்கள். காய்ச்சல், பிபி, ஆக்ஸிஜன், சர்க்கரை எல்லாம் உடனே பாருங்கள். கிருமித்தொற்று முற்றிய பெண்ணும் உளறுவார், அதை மனநோய் என்று ஒதுக்கி வைத்தால் உயிர் போய்விடும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பெண்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்பதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

ஏழாம் படி: மாத்திரை பற்றிக் கேட்டால்

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வருவார்கள். திட்டாதீர்கள், குழந்தைக்காகச் செய்தது. எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்திவிட்டிருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலக்காகச் சொல்ல வேண்டியது வால்ப்ரோயேட், வலிப்புக்கும் பைபோலாருக்கும் கொடுக்கும் மாத்திரை. கருவில் இருக்கும்போது அதற்கு ஆளாகும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 சதவீதத்துக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பிரச்சினையும் வருகிறது. அதைச் சாப்பிடுபவர் என்று தெரிந்தால் அடுத்த வருகைவரை வைத்திருக்காமல் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள், அப்போதும் நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டர் சொல்லித்தான். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியத்தைச் சாப்பிடுபவருக்குக் கர்ப்பத்தில் ரத்தத்தில் அதன் அளவு மாறிக்கொண்டே இருக்கும், அடிக்கடி பரிசோதனை வேண்டும், பிரசவத்தின்போது உடலில் நீர் வற்ற விடக் கூடாது, தாய்ப்பால் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றைப் பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாம், அவற்றில் ஒன்றான செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே இறங்கும். கர்ப்பக் கடைசிவரை இவற்றைச் சாப்பிட்டவரின் குழந்தை முதல் சில நாள் கொஞ்சம் நடுங்கலாம், மூச்சு வேகமாக இருக்கலாம், கவனித்துக் குறித்து வையுங்கள்.

எட்டாம் படி: பிரசவ அறையும் அதற்கடுத்த நாட்களும்

பிரசவ அறையில் ஒன்றே ஒன்று: தொடுவதற்கு முன் சொல்லுங்கள், கேளுங்கள், வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர் யார் என்று நெற்றியில் எழுதியிருக்காது, அதனால் எல்லோரிடமும் இப்படித்தான். கை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளலாம். பிரசவம் என்றாலே கை கால் உதறுபவர்கள் இருக்கிறார்கள், வலிக்குப் பயப்படுகிறார் என்று கேலி செய்யாமல் கர்ப்பத்திலேயே அதைப் பேசித் திட்டம் போடுங்கள்.

பிறகு தூக்கம். பைபோலார் உள்ளவருக்கு அது மருந்துக்குச் சமம், ஒரு இரவு முழுக்கப் போனாலே கவிழ்ந்துவிடலாம். இரவில் ஒரு நேரப் பாலை முன்கூட்டியே எடுத்து வைத்து வேறு ஆள் கொடுப்பதானாலும் சரி, பால்மாவு கொடுப்பதானாலும் சரி, அதைக் குற்றமாக்காதீர்கள். தாய்ப்பாலின் அருமையை நாம் சொல்லும் விதத்திலேயே சில பெண்கள் நொறுங்கிப் போகிறார்கள். குழந்தை மேல் பாசம் உடனே பொங்கவில்லை என்றாலும் அவசரப்படுத்தாதீர்கள், மார்போடு அணைத்து வைக்க உதவுங்கள், குழந்தை அவர் குரலுக்குத் திரும்புவதைக் காட்டுங்கள், அது போதும். குழந்தையை இழந்த தாயிடம் "அடுத்தது நல்லபடியா பிறக்கும்" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்கும் மனச்சோர்வு வரும்.

ஒன்பதாம் படி: எழுதுவதும் ஒப்படைப்பதும்

"மனநிலை: நன்று" என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. "மாலை 4 மணிக்கு, 'நான் இல்லாட்டி குழந்தைக்கு நல்லது' என்றார். இரண்டு இரவாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம். கணவருக்குத் தெரியாது என்கிறார். மூத்த செவிலியரிடம் 4.20க்குச் சொன்னேன்." இப்படி, அவர் வார்த்தையிலேயே. டியூட்டி மாறும்போது வாயாலும் சொல்லுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொல்லாதீர்கள். அனுப்பி வைத்தேன் என்பதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிடுவார்கள், பஸ் இல்லை, குழந்தையை விட ஆள் இல்லை, மனநல ஆஸ்பத்திரி பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பயம். ஒரு வாரத்தில் போன் போட்டுக் கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று மட்டும் கேட்டு, மறுபடி ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் உங்களுக்கும் தூக்கம் வராது, மூத்தவர் ஒருவரிடம் கொட்டிவிட்டுப் போங்கள், பெயர் சொல்லாமல்.

நம் கடைசி வருகைக்குப் பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று மனச்சோர்வு வரும்போது நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். அதனால் கிளம்பும் முன் அவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லி, கூப்பிட வேண்டிய எண்ணைக் கொடுங்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அது தலையணைக்கடியில் கசங்கிப் போகும். அவர் போனிலேயே ஏற்றி, உங்கள் எதிரிலேயே ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், எண் மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.